மறைபொருளும் விலைப்பொருளும்: விக்ரோறிய காலத்து மருந்து விளம்பரங்கள் பற்றிய ஒரு நோக்கு

1

விளம்பரம் திறனாய்வுக்குரிய பொருளாகுமா என்னும் வினா நம்மிடையே இன்றும் எழுப்பப்படுவதுண்டு. செய்யுளையும் நாவலையும் நாடகத்தையும் ஆராயும் நாம், பத்திரிகையின் ஓரத்திற் சிற்றெழுத்தில் அச்சாகிக் கிடக்கும் மருந்து விளம்பரத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின் எழுத்தறிவு பொதுமக்களிடையே பரவத் தொடங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவிலே, சாதாரண மனிதன் நாள்தோறும் கண்ணுற்ற உரைநடை எது எனக் கேட்போமாயின், அதற்குரிய விடை டிக்கன்சின் நாவலாகவோ கார்லைலின் கட்டுரையாகவோ இருத்தல் அரிது. சுவரிலும் புகையிரத நிலையத்திலும் பத்திரிகைப் பக்கத்திலும் அவனை எதிர்கொண்டு நின்றது விளம்பர வாசகமே. அவ்வாசகங்களுள்ளும் மருந்து விளம்பரத்திற்கே முதலிடம் உரியதாயிருந்தது.

இம்மருந்து விளம்பரங்களைப் பற்றி இதுவரை நிலவிவந்துள்ள கருத்துகள் பெரும்பாலும் இருவகைப்படும். இவற்றைப் போலி வைத்தியரின் மோசடி என்றும், அறியாமையிலே மூழ்கியிருந்த ஏழைகள் அதற்கு இரையாயினர் என்றும் கொள்வது ஒன்று. இது அறவியல் நோக்கு. நவீன விளம்பரக்கலையின் முன்னோடிகளாக இம்மருந்து வணிகரைப் போற்றி, அவர்தம் முயற்சியையும் சாதுரியத்தையும் வியப்பது மற்றையது. இது வணிக வரலாற்றாசிரியரின் நோக்கு. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும், அடிப்படையில் ஒரு குறைபாட்டைப் பொதுவாகக் கொண்டுள்ளன. இரண்டுமே தனிமனிதனின் குணத்தையே நோக்குகின்றன. ஒன்று அவனை வஞ்சகன் என்கின்றது, மற்றையது அவனை வல்லவன் என்கின்றது. அவன் விற்ற பண்டம் யாது என்னும் வினாவை இரண்டுமே முற்றாக எழுப்புவதில்லை.

புட்டியினுள் இருந்த திரவமோ பெட்டியினுள் இருந்த குளிகையோ மாத்திரம் அங்கு விற்கப்படவில்லை. அதன் பாகங்கள் யாவை என்பது பற்றிய மறைப்பும் உடன் விற்கப்பட்டது என்பதே நமது கருத்தாகும். அறிவைப் பொதுச் சொத்தாகவன்றித் தனியுடைமையாக்கிப் பூட்டிவைப்பதற்கு விளம்பரத்தின் மொழி துணைநின்றது. அரசும் நீதிமன்றும் பத்திரிகையும் வைத்தியத் தொழிலும் அதற்குத் தத்தம் வழியிலே உதவின. இக்கருத்தை ஒரு குறிப்பிட்ட மருந்தை முன்வைத்து இக்கட்டுரையில் ஆராய முயல்கின்றோம்.

2

மருந்து விளம்பரத்தின் பெருக்கத்திற்குரிய பொருளாதாரப் பின்னணியை முதற்கண் சுருக்கமாக நோக்குதல் தகும். பிரித்தானியாவில் விளம்பரங்கள் மீதான தீர்வை 1853இலும், பத்திரிகை முத்திரைத் தீர்வை 1855இலும், கடதாசி மீதான தீர்வை 1861இலும் நீக்கப்பட்டன. ‘அறிவின் மீதான வரிகள்’ என்று கண்டிக்கப்பட்டு, முற்போக்காளரின் நீண்ட கிளர்ச்சியின் பயனாக நீங்கியவை இவை. பத்திரிகை மலிவாயிற்று; வாசகர் தொகை பெருகிற்று. ஆனால் மலிவான விலையினால் ஏற்பட்ட குறையை விளம்பர வருமானமே நிரப்பவேண்டியிருந்தது. வரியிலிருந்து விடுதலை பெற்ற பத்திரிகை விளம்பரதாரனின் தயவிலே தங்கலாயிற்று என்பது இவ்வரலாற்றின் முரண்பாடாகும்.

இம்மாற்றத்தை நன்கு பயன்படுத்திக்கொண்டவர்களுள் தோமஸ் ஹொலோவே ஒருவர். 1837இல் ஒரு களிம்புடன் தமது வியாபாரத்தைத் தொடங்கிய அவர், பின்னர் குளிகைகளையும் விற்கலானார். 1842இல் ஆண்டுக்கு 5,000 பவுணாக இருந்த அவரது விளம்பரச் செலவு, அவர் இறந்த 1883ஆம் ஆண்டளவில் 50,000 பவுணாக உயர்ந்திருந்தது. அவரது விளம்பரங்கள் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டுப் பேரரசெங்கும் சென்றன. அச்செல்வத்திலிருந்து எழுந்த றோயல் ஹொலோவே கல்லூரியை 1886இல் விக்ரோறியா மகாராணியே திறந்துவைத்தார். சென்ற் ஹெலன்சிலே தொழிலை நடத்திய தோமஸ் பீச்சம், தமது குளிகைப் பெட்டி ஒரு கினி பெறுமதியுடையது என 1859ஆம் ஆண்டிலிருந்து விளம்பரஞ் செய்துவந்தார். 1891இல் அவ்வியாபாரத்தின் விளம்பரச் செலவு 120,000 பவுணை எட்டிற்று.

ஒரு கினி பெறுமதியுடையதென்று கூறப்பட்ட அப்பெட்டியின் விலை ஒரு சிலிங்கு ஒன்றரைப் பென்ஸ் மாத்திரமே. பிரித்தானிய வைத்தியச் சங்கம் 1909இல் வெளியிட்ட ‘இரகசிய மருந்துகள்’ என்னும் நூலின் பகுப்பாய்வின்படி, அக்குளிகையின் பாகங்கள் கரியபோளம், இஞ்சி, சவர்க்காரம் ஆகியனவாம். 56 குளிகைகள் கொண்ட பெட்டியொன்றின் பாகங்களுக்கு ஏற்பட்ட செலவு ஏறத்தாழ அரைப் பாதிங்கு. அஃதாவது ஒரு பென்சின் எட்டிலொரு பங்கு. செலவுக்கும் விலைக்குமிடையே நூறு மடங்குக்கு மேற்பட்ட இடைவெளி காணப்படுகின்றது. அவ்விடைவெளியை நிரப்பியது பெரும்பாலும் சொல்லே எனலாம்.

3

இவற்றை ‘ஆக்கவுரிமை மருந்துகள்’ என வழங்குவது மரபாயினும், அப்பெயர் பெரும்பாலும் பொய்யானது. ஆக்கவுரிமைப் பத்திரம் பெறவேண்டுமாயின், தான் கண்டுபிடித்த பொருளின் செய்முறையை ஒருவன் அரசுக்கு எழுத்திற் கொடுத்தல் வேண்டும். குறிப்பிட்ட காலம் கழிந்ததும் அச்செய்முறை எவர்க்கும் உரியதாகிவிடும். எனவே சமூகத்திற்கு ஓர் அறிவைக் கையளித்து, அதற்கு ஈடாகச் சில ஆண்டு ஏகபோகத்தைப் பெறுதலே ஆக்கவுரிமையின் உட்பொருளாகும். மருந்து வணிகர்களுட் பெரும்பாலோர் இவ்வொப்பந்தத்தை விரும்பவில்லை. அவர்கள் செய்முறையை மறைத்தனர். பெயரை மாத்திரம் காத்தனர். 1875இல் நிறைவேறிய வியாபாரக்குறிப் பதிவுச் சட்டம் இவ்வழியை மேலும் உறுதிப்படுத்திற்று. செய்முறைக்குரிய உரிமை காலத்தால் முடிவுறும். பெயருக்குரிய உரிமையோ முடிவின்றித் தொடரக்கூடியது.

இம்மறைப்பிலே அரசுக்கும் ஒரு பங்கு இருந்தது. 1783ஆம் ஆண்டிலிருந்து இத்தகைய மருந்துகள் மீது முத்திரைத் தீர்வை விதிக்கப்பட்டுவந்தது. 1812ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு சிலிங்கு வரையுள்ள மருந்துக்கு ஒன்றரைப் பென்சும், இரண்டரைச் சிலிங்கு வரையுள்ளதற்கு மூன்று பென்சும், நாலு சிலிங்கு வரையுள்ளதற்கு ஆறு பென்சும் தீர்வையாகும். விக்ரோறிய கால விளம்பரங்களில் மீண்டும் மீண்டும் காணப்படும் ஒரு சிலிங்கு ஒன்றரைப் பென்ஸ், இரண்டு சிலிங்கு ஒன்பது பென்ஸ், நாலு சிலிங்கு ஆறு பென்ஸ் என்னும் விலைகள் இவ்வாறே தோன்றின. தீர்வை செலுத்தியதற்கு அடையாளமாகப் புட்டியின் வாயிலே அரசாங்க முத்திரைத்தாள் ஒட்டப்பட்டது. வரி வாங்கியதற்குச் சான்றான அத்தாளை, மருந்தின் தரத்திற்கு அரசு வழங்கிய சான்றாகப் பொதுமக்கள் கருதினர். அங்ஙனம் கருதும்படியே விளம்பரங்களும் எழுதப்பட்டன. அரசாங்க முத்திரையைப் பார்த்து வாங்குக என்னும் எச்சரிக்கை விளம்பரங்களின் வழக்கமான இறுதி வாக்கியமாயிற்று. இம்முத்திரை அரசின் உத்தரவாதம் அன்று என்னும் வாசகத்தை அத்தாளிலேயே பொறிக்கவேண்டிய நிலை பின்னர் ஏற்பட்டமை, அம்மயக்கம் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைப் புலப்படுத்துகின்றது. இத்தீர்வை 1941இலேயே ஒழிக்கப்பட்டது.

4

நாம் எடுத்துக்கொண்ட மருந்து குளோறடைன். இதனை ஆக்கியவர் ஜோன் கொலிஸ் பிறவுண் என்னும் இராணுவ வைத்தியர். இந்தியாவிற் சேவையாற்றிய காலத்தில், 1848ஆம் ஆண்டளவில், வாந்திபேதிக்கு மருந்தாக இதனை அவர் ஆக்கினார் என்பது வரலாறு. 1856இல் இதனைத் தயாரித்து விற்கும் உரிமையை இலண்டனைச் சேர்ந்த மருந்து வணிகரான ஜே. ரி. டவன்போட்டுக்கு அவர் அளித்தார். அதன் முக்கிய பாகங்கள் அபின் சாரம், கஞ்சாச் சாரம், குளோறபோம் என்பன.

பல்லாண்டுகளாகப் பிரித்தானியப் பத்திரிகைகளிலும் பேரரசின் ஏனைய பகுதிகளின் பத்திரிகைகளிலும் வெளிவந்த இதன் விளம்பரத்தை ஓர் எழுத்துப் பிரதியாகக் கொண்டு ஆராயும்போது, அது நான்கு உறுப்புகளாலானது என்பது தெரியவரும்.

முதலாவது உறுப்பு, ஆக்கியோனின் பெயரும் பதவியுமாகும். ‘டொக்டர்’ என்னும் பட்டமும் இராணுவ வைத்தியப் பணியிலிருந்தவர் என்னும் குறிப்பும் பெயருடன் பிரிக்கமுடியாதவாறு இணைக்கப்பட்டன. இந்தியா இங்கு அனுபவத்தின் உரைகல்லாக நிற்கின்றது. கொடிய நோய்களின் நாட்டிலே வென்ற மருந்து இங்கிலாந்தின் இருமலை வெல்லாதா என்பது சொல்லாமற் சொல்லப்படும் வாதம். இரண்டாவது உறுப்பு நோய்ப் பட்டியல். வாந்திபேதி, வயிற்றுளைவு, வயிற்றோட்டம் ஆகியவற்றுடன் இருமல், தடிமன், ஈளை, காசம், நரம்புவலி, மூட்டுவாதம், பல்வலி, வலிப்பு, இசிவுநோய் என்பனவும் அடுக்கிவைக்கப்படுகின்றன. தம்முட் காரணத்தாலும் இயல்பாலும் தொடர்பற்ற இந்நோய்களை ஒரே வரிசையில் நிறுத்துவது யாது? அபினை உட்கொண்டால் வலி குறையும், இருமல் அடங்கும், மலம் கட்டும், உறக்கம் வரும். பாகத்தைக் கூறாத விளம்பரம், நோய்ப் பட்டியலினூடாகத் தன்னையறியாமலே பாகத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றது.

மூன்றாவது உறுப்பு அதிகாரத்தின் சான்று. 1864இல் பிறீமன் என்னும் போட்டி வணிகருக்கு எதிரான வழக்கொன்றில், கொலிஸ் பிறவுணே குளோறடைனை ஆக்கியவர் என்றும் எதிராளியின் கதை வேண்டுமென்றே சொல்லப்பட்ட பொய் என்றும் உப சான்சலர் சேர் வில்லியம் பேஜ் வூட் கூறினார். அக்கூற்றை விளம்பரம் பல்லாண்டுகளாகத் திரும்பத் திரும்ப அச்சிட்டது. அதே ஆண்டில் மணிலாவிலிருந்த பிரித்தானியக் கொன்சல், வாந்திபேதிக்குக் குளோறடைன் பயன்பட்டதாக அனுப்பிய செய்தி வெளிநாட்டமைச்சரான றசல் பிரபுவின் வழியாக வணிகரின் கைக்கு எட்டிற்று. அதுவும் விளம்பரமாயிற்று. நீதிபதி தீர்ப்புரைத்தது ஆக்கியவர் யார் என்பது பற்றி. மருந்து நோயைத் தீர்க்குமா என்பது பற்றியன்று. ஆயினும் நீதிமன்றின் பெயர், அமைச்சரின் பெயர், இராணுவத்தின் பெயர் என்பன ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, வாசகனின் மனத்தில் அவ்வேறுபாடு மறைந்துவிடுகின்றது.

நான்காவது உறுப்பு, போலிகள் பற்றிய எச்சரிக்கை. இது உண்மையானது, ஏனையவை போலி என்னும் எதிர்நிலை இங்கு நிறுவப்படுகின்றது. மருந்தின் உண்மை என்பது அதன் குணத்திலிருந்து விலகி அதன் பெயருக்கு மாறிவிட்டது. மருந்து உண்மையானதா என்னும் வினாவுக்கு, பெயர் உண்மையானது என்னும் விடையே கிடைக்கின்றது.

இந்நான்கு உறுப்புகளும் நிறைந்த விளம்பரத்தில் இல்லாத ஒன்று உண்டு. இப்புட்டியினுள் அபினும் கஞ்சாவும் உள்ளன என்னும் ஒரேயொரு வாக்கியமே அது.

5

அவ்வாக்கியம் விடப்பட்டமை எத்தகைய பொருளுடையது என்பதைக் காலனித்துவப் பின்னணியிலேயே முழுமையாக உணரமுடியும். கஞ்சாவை ஐரோப்பிய வைத்தியத்திற்கு விரிவாக அறிமுகஞ் செய்தவர், கல்கத்தா வைத்தியக் கல்லூரிப் பேராசிரியராக விளங்கிய வில்லியம் புறூக் ஓசோனசி ஆவர். இந்திய மக்கள் அதனைப் பயன்படுத்திய முறைகளை அறிந்து, தாமும் பரிசோதித்து, 1839இல் தமது முடிவுகளை அவர் வெளியிட்டார். நாட்டு மக்களின் அனுபவ அறிவாயிருந்த ஒன்று, இவ்வாறு அச்சேறிய விஞ்ஞான அறிவாயிற்று. பின்னர் அதுவே பெயர் மறைக்கப்பட்டுப் புட்டியில் அடைக்கப்பட்டது. ஆங்கில மருந்தாகக் கப்பலேறித் தான் புறப்பட்ட நாட்டுக்கே மீண்டது. மூலப்பொருளைக் கொண்டுசென்று முடிவுப்பொருளாகத் திருப்பி விற்கும் காலனித்துவ வணிகத்தின் பொதுநியதி பருத்திக்கு மாத்திரமன்றி அறிவுக்கும் பொருந்துவதாயிற்று.

1890களின் முற்பகுதியில் நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகளை ஒருங்கு வைத்து நோக்குவோம். இந்தியரின் கஞ்சாப் பழக்கத்தை ஆராய்வதற்கு இந்தியக் கஞ்சா ஆணைக்குழு 1893-94இல் விசாரணை நடத்தியது. 1893இல் நியமிக்கப்பட்ட அபின் பற்றிய அரச ஆணைக்குழு 1895இல் அறிக்கை சமர்ப்பித்தது. இதே காலத்தில், 1893இல், மருந்தாளர் சங்கம் பைப்பர் என்னும் வியாபார நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கு இங்கிலாந்தில் முடிவுற்றது. நச்சுப்பொருள் விற்பனையைக் கட்டுப்படுத்திய 1868ஆம் ஆண்டு மருந்தாளர் சட்டத்திலே ‘ஆக்கவுரிமை மருந்து’களுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. மெய்யாகவே ஆக்கவுரிமைப் பத்திரம் பெற்ற மருந்துக்கே அவ்விலக்குப் பொருந்தும் என்று நீதிமன்று தீர்ப்பளித்தது. எனவே நச்சுப்பொருள் அடங்கிய இரகசிய மருந்துகளிலும் ‘நஞ்சு’ என்னும் சொல்லைப் பொறிக்கவேண்டியதாயிற்று. இந்தியன் வெளிப்படையாகப் புகைத்ததும் உண்டதும் ஆணைக்குழுக்களின் விசாரணைக்குரிய பழக்கமாயின. ஆங்கிலேயன் பெயரறியாது அருந்திய அதே பொருளோ, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக மளிகைக் கடையிலும் விற்கத்தக்க குடும்ப மருந்தாக இருந்தது. பழக்கம் ஒன்றே, அதற்கு இடப்பட்ட பெயர்களே வேறு.

காலனித்துவ நாடுகளின் மக்கள் இவ்விளம்பர முறையை வெறுமனே ஏற்றுக்கொண்டவர்கள் அல்லர் என்பதும் கூறப்படவேண்டும். 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வரராவ், அதே விளம்பர முறைகளைக் கையாண்டு பொருளீட்டி, அச்செல்வத்தைக் கொண்டு 1908இல் ‘ஆந்திர பத்திரிகா’வை நிறுவித் தேசிய இயக்கத்திற்குத் துணைநின்றார். தேசிய முதலாளித்துவம் ஏகாதிபத்தியத்தின் கருவியை அதற்கு எதிராகவே திருப்பியதற்கு இது ஒரு சான்றாகும். ஆயினும் கருவியைக் கைப்பற்றுதல் வேறு. கருவியின் இயல்பை மாற்றுதல் வேறு.

6

இனி வைத்தியத் தொழிலின் நிலைப்பாட்டை நோக்குவோம். 1858ஆம் ஆண்டு வைத்தியச் சட்டம் தகைமை பெற்ற வைத்தியருக்கெனப் பதிவேடொன்றை ஏற்படுத்தியது. தொழில் ஒழுக்கத்திற்கு இழுக்கான நடத்தைக்காக ஒருவரது பெயரை நீக்கும் அதிகாரம் பொது வைத்தியப் பேரவைக்கு வழங்கப்பட்டது. வைத்தியர் தம்மைத் தாமே விளம்பரஞ் செய்தல் இத்தகைய இழுக்காகக் கொள்ளப்பட்டது. நோயாளியை ஏமாற்றத்திலிருந்து காப்பதே இதன் நோக்கமெனக் கூறப்பட்டது. அது முற்றிலும் பொய்யென்று நாம் கூறமாட்டோம். ஆனால் அவ்விதி எவர்மீது பாய்ந்தது என்பது கவனித்தற்குரியது.

தோமஸ் அலின்சன் என்னும் வைத்தியர் மருந்துகளின் பயனை ஐயுற்றவர். தவிடு நீக்காத கோதுமை, மரக்கறி உணவு, உடற்பயிற்சி ஆகியவற்றையே வலியுறுத்தியவர். சக வைத்தியரின் மருந்து முறைகளைப் பத்திரிகைகளிற் கண்டித்ததோடு, தம்மிடம் ஆலோசனை பெறுமாறும் விளம்பரஞ் செய்தார். 1892இல் அவரது பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. 1894இல் மேன்முறையீட்டு நீதிமன்று அம்முடிவை உறுதிப்படுத்தியது. அவர் விளம்பரஞ் செய்தமை உண்மையே. ஆயின் மருந்து வேண்டாம் என விளம்பரஞ் செய்தவர் தொழிலை இழந்த அதே ஆண்டுகளில், இராணுவ வைத்தியர் ஒருவரின் பெயரைத் தாங்கிய அபின் கலவை எத்தடையுமின்றி எல்லாப் பத்திரிகைகளிலும் விளம்பரமாயிற்று. வைத்தியன் வாய்திறத்தல் குற்றம். வைத்தியனின் பெயர் பண்டமாகிவிட்டால் குற்றமில்லை. தொழில் ஒழுக்கம் என்பது வைத்தியர்களுக்கிடையிலான போட்டியை ஒழுங்குபடுத்தியதேயன்றி, மூலதனத்தை ஒழுங்குபடுத்தவில்லை.

வைத்தியச் சங்கம் 1909இலும், அதன் தொடர்ச்சியாக 1912இலும் வெளியிட்ட பகுப்பாய்வு நூல்கள் பாராட்டுக்குரியவை. மறைக்கப்பட்டதை வெளிப்படுத்தும் பணியை அவை செய்தன. அந்நூலுக்கான விளம்பரத்தைப் பல பத்திரிகைகள் ஏற்க மறுத்தன என்பது, பத்திரிகைச் சுதந்திரத்தின் எல்லையைக் காட்டும் ஒரு செய்தியாகும். இருப்பினும் வைத்தியச் சங்கத்தின் நோக்கில் ஒரு குறை உண்டு. விலைக்கும் செலவுக்குமிடையிலுள்ள வேறுபாட்டை அது கண்டது. மக்கள் ஏன் அதனை வாங்கினர் என்பதை அது போதிய அளவு கேட்கவில்லை. வைத்தியர் எழுதிய மருந்துச்சீட்டும் நோயாளிக்கு விளங்காத இலத்தீனிலேயே இருந்தது. வைத்தியச் சஞ்சிகைகளும் மருந்து உற்பத்தியாளரின் விளம்பரத்தினால் வாழ்ந்தன. இவ்வாண்டுகளிலே நியமிக்கப்பட்ட பாராளுமன்றத் தெரிவுக்குழு இவ்வியாபாரத்தை விரிவாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அவ்வறிக்கை வெளிவந்த நாள் 1914 ஆகத்து 4. பிரித்தானியா போரிற் புகுந்த நாள். அதன் விதந்துரைகள் போரின் இரைச்சலில் மறைந்தன.

கலை இலக்கியமும் இவ்விடயத்தை அறியாதிருக்கவில்லை. கார்லைல் 1843இல் ‘கடந்தகாலமும் நிகழ்காலமும்’ என்னும் நூலிலே, மொறிசனின் குளிகையைத் தமது காலத்து அரசியற் போலிப் பரிகாரங்களின் குறியீடாகக் கொண்டார். எச்.ஜி. வெல்சின் ‘ரோனோ-பங்கே’ நாவல் 1909இல், வைத்தியச் சங்கத்தின் நூல் வெளிவந்த அதே ஆண்டில், பயனற்ற மருந்தொன்றின் மீது எழும் பெருஞ்செல்வத்தைச் சித்திரித்தது. ஆயின் கார்லைலுக்கு மருந்து ஒரு குறியீடு. வெல்சுக்கு அது வணிகனின் கதை. மருந்தைக் குடித்தவரின் கதையை நாம் வேறிடத்திலேயே தேடவேண்டியுள்ளது.

7

அதனை ஏங்கெல்சின் நூலிற் காணலாம். இங்கிலாந்துத் தொழிலாள வர்க்கத்தின் நிலைபற்றி 1845இல் அவர் எழுதியபோது, வைத்தியரின் கட்டணத்தைச் செலுத்த இயலாத தொழிலாளர் இத்தகைய குளிகைகளையும் பானங்களையும் நாடவேண்டியிருந்தமையை எடுத்துக்காட்டினார். அபின் கலந்த ‘கொட்பிறியின் பானம்’ கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டதையும் குறிப்பிட்டார். ஆலைக்குச் செல்லும் தாய், தான் திரும்பி வரும்வரை குழந்தை உறங்குதற்பொருட்டு அதனைக் கொடுத்தாள். பின்னர் மார்க்சும் ‘மூலதனம்’ நூலின் முதற்பாகத்திலே, இயந்திரங்கள் பற்றிய அதிகாரத்தில், இதனைக் கவனத்திற் கொண்டார். பருத்தி நெருக்கடியால் ஆலைகள் மூடப்பட்ட காலத்தில், வேலையிழந்த தாய்மார் அப்பானத்தை விடுத்துக் குழந்தைகளுக்குப் பாலூட்ட அவகாசம் பெற்றனர் என்னும் கொடிய முரண்பாட்டை அவர் சுட்டினார்.

ஏழைகளின் அறியாமையே இம்மருந்துகளை வளர்த்தது என்னும் கூற்றை நாம் ஏற்க மறுப்பது இதனாலேயே. அபின் கலந்த மருந்து பயனற்றதன்று. அது வலியை மெய்யாகவே தணித்தது. மறுநாள் வேலைக்குச் செல்லவேண்டியவனின் இருமலை அன்றிரவுக்கு அடக்கிற்று. வாங்கியவன் பயனைப் பொறுத்து முற்றாக ஏமாறவில்லை. தான் அருந்துவது யாது என்னும் அறிவே அவனிடமிருந்து பறிக்கப்பட்டது. அபின் என்று கூறின் தயங்கியிருக்கக்கூடிய தாய், குளோறடைன் என்று கூறியபோது தயங்கவில்லை. அளவு மீறிய குளோறடைனால் ஏற்பட்ட இறப்புகளும், அதனை விடமுடியாத பழக்கத்திற்கு ஆளானோரின் துன்பங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வைத்தியக் குறிப்புகளிலே பதிவாகியுள்ளன. அவை நோயினால் நேர்ந்தவையல்ல. ஒரு பெயரினால் நேர்ந்தவை.

8

இரகசியம் முதலாளித்துவத்திற்கு மாத்திரம் உரியதா என்னும் வினா இங்கு எழலாம். நமது சித்தவைத்திய மரபிலும் பரிபாஷை உண்டு. குருமுகமாகவன்றி வெளிப்படுத்தலாகாது என்னும் கட்டுப்பாடு உண்டு. பரம்பரைக் கைமருந்துகள் குடும்பத்தினுள்ளேயே மறைக்கப்பட்டமையும் உண்டு. இதனை நாம் போற்றவேண்டியதில்லை. அதனாலே பல அறிவுகள் அழிந்தன. ஆயினும் இரு மறைப்புகளும் ஒன்றல்ல. நிலமானிய சமுதாயத்து மறைப்பு, அறிவை ஒரு குழுவினுள்ளே வைத்திருந்தது. ஆனால் அவ்வைத்தியன் நோயாளியின் நாடியைத் தொட்டறிந்து, ஊரார் அறியத் தன் மருந்துக்குப் பொறுப்பாக நின்றான். விக்ரோறிய காலப் பண்டத்தின் மறைப்போ, முகமறியாத ஒருவன் முகமறியாத இலட்சக்கணக்கானோர்க்கு விற்பதற்குரிய மறைப்பாகும். அங்கு பொறுப்பு இல்லை. வியாபாரக்குறி மாத்திரமே உண்டு.

அறிவை வேறு வழியிற் கையாள முடியாதிருந்தது அக்காலம் என்றும் கூறமுடியாது. குளோறடைன் உலகெங்கும் பரவிய அதே ஆண்டுகளில், மானிப்பாயிலே அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும், இந்திய மருந்துப் பொருள்களை விளக்கும் ‘இந்து பதார்த்த சாரம்’ 1884இலும் தமிழில் வெளிவந்தன. கிறீனின் பணி மதப்பரப்பலோடு இணைந்திருந்தது என்பதை நாம் மறப்பதற்கில்லை. எனினும் மருந்து யாது, அது எதனாலானது, உடலில் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதைக் கற்போனின் தாய்மொழியிலே திறந்துவைத்த செயல், விளம்பரத்தின் செயலுக்கு நேரெதிரானது. தமிழில் அறிவியல் உரைநடை தோன்றிய வரலாற்றை ஆராய்வோர், இதனை மொழிபெயர்ப்பு முயற்சியாக மாத்திரமன்றி, அறிவைப் பொதுவுடைமையாக்கும் முயற்சியாகவும் நோக்குதல் வேண்டும்.

இறுதியாக, குளோறடைன் தீர்ப்பதாக உரிமை பாராட்டிய வாந்திபேதிக்கே மீள்வோம். அபின் மலத்தைக் கட்டும். ஆனால் வாந்திபேதியில் மனிதன் இறப்பது உடல் நீரையும் உப்பையும் இழப்பதனாலாகும். இவ்வுண்மையை 1831-32இலே இரத்தப் பகுப்பாய்வின் மூலம் கண்டு, இழந்த உப்பையும் நீரையும் உடலிற் சேர்க்கவேண்டும் என எழுதியவர் ஒருவர் இருந்தார். அவர் வேறெவருமல்லர், பின்னர் கஞ்சாவைப் பற்றி எழுதிய அதே ஓசோனசி. 1832இல் தோமஸ் லற்றா என்னும் வைத்தியர், உப்புநீரை நோயாளரின் நாளத்திற் செலுத்தி இதனைச் செயற்படுத்தியும் காட்டினார். எனினும் இம்முறை கைவிடப்பட்டது. கருவிகளின் குறைபாடு, கிருமித்தொற்று, செலுத்திய அளவின் போதாமை என்பன அதற்குக் காரணங்களாயின. அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அக்குறைகளைக் களைவதற்கு எந்த மூலதனமும் முன்வரவில்லை என்பதும் உண்மை. ஒரே மனிதன் உலகுக்களித்த இரு அறிவுகளுள், புட்டியில் அடைத்துப் பெயரிட்டு விற்கக்கூடியது சில ஆண்டுகளிலே பேரரசெங்கும் சென்றது. உப்பும் நீருமான மற்றையதோ எவருக்கும் இலாபந்தராதது. அது நெடுங்காலம் காத்துக்கிடந்தது. 1971இல் வங்காளதேச விடுதலைப் போரின் அகதிகள் மேற்கு வங்காளத்தின் பன்கோன் முகாமிலே வாந்திபேதியால் மடிந்துகொண்டிருந்தபோது, வைத்தியர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை வாய்வழியாக அருந்தச் செய்து, ஏறத்தாழ 30 வீதமாயிருந்த இறப்பை 4 வீதத்திற்குக் கீழே கொண்டுவந்தார். அக்கரைசலைத் தயாரிக்கும் முறை மறைக்கப்படவில்லை. எவரும் வீட்டிலே செய்யக்கூடியவாறு அது பரப்பப்பட்டது.

விளம்பரத்தைத் திறனாய்வுக்குரிய பொருளாக நாம் கொள்ளவேண்டும் என்று வற்புறுத்துவதன் காரணம் இதுவே. ஒரு பிரதி எதனைக் கூறுகின்றது என்பதை ஆராய்வதோடு, எதனைக் கூறாது விடுகின்றது, அதனால் எவர் பயன்பெறுகின்றனர், எவர் உயிரிழக்கின்றனர் என்பவற்றையும் ஆராய்வதே முற்போக்குத் திறனாய்வின் கடமையாகும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புட்டியின் மேற்றாளிலே விடப்பட்டிருந்த ஒரு வாக்கியம், அக்கடமையை நமக்கு இன்றும் நினைவூட்டுகின்றது.